வேலைக்கு முன்னே ஒரு தாள்



இம்மாதம் ஒரு சொல்லைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். "முடித்துத் தருகிறேன்" என்பதுதான் அந்தச் சொல். வீடு கட்ட வரும் மேசன், கிணறு வெட்ட வருபவர், கதவு செய்பவர் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். தையலுக்குத் துணி வாங்கி வைக்கும் நாமும் அதையேதான் சொல்கிறோம். சொல்லும்போது இரு தரப்புக்கும் அது தெளிவாகத்தான் இருக்கிறது. எது முடிந்தால் வேலை முடிந்தது என்ற கேள்வி வரும்போதுதான் சண்டை வருகிறது.

என் சின்னம்மாவின் மகள் கிளிநொச்சியில் இருக்கிறாள். பிறந்தது இங்கே ஓப்பநாயக்கவில், எங்கள் தோட்டத்து லயத்தில். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அவள் குடும்பமும் ஒன்று. 1983க்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். இப்பத்தியை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படிக்கும் சகோதரிகளில் பலருக்கு இரத்தினபுரியோ கேகாலையோ பூர்வீகமாக இருக்கும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவள் கணவர் காணாமல் போனார். மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு காணிக்குத் திரும்பியபோது அங்கே நின்றது ஒரு தென்னை மட்டும்தான்.

இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. அந்தத் திட்டம் நடந்த முறை உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். 50,000 வீடுகள் கொண்ட அத்திட்டத்தில் முதலில் 1,000 வீடுகளைக் கட்டுவித்துக் கொடுத்தார்கள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பயனாளியே தன் வீட்டைக் கட்டும் முறை வந்தது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. அதை மொத்தமாகத் தராமல், வேலை ஒவ்வொரு மட்டத்துக்கு வந்ததும் பார்த்து, அடுத்த பகுதியைப் பயனாளியின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். பணத்தை நேரே பெண்ணின் கையில் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அதனால் அவள் பயனாளியாக மட்டும் இருக்க முடியவில்லை. மேசனிடம் வேலை வாங்கும் முதலாளியாகவும் ஆனாள். அந்த வேலையை அவளுக்கு யாரும் முன்பு சொல்லிக் கொடுத்ததில்லை.

மேசனார் நல்ல மனிதர். "வீட்டை முடிச்சுத் தாறன் அக்கா, யோசிக்காதேங்கோ" என்றார். கூலி பேசினார்கள். எழுதவில்லை. அத்திவாரம் வெட்டும் நாளில், பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு, இன்னொரு அறையும் சேர்த்துப் போடுவோம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவளுக்கும் ஆசை. திட்டத்தில் இருந்தது ஏறக்குறைய 550 சதுர அடி வீடு. நிலத்தில் வெட்டியது அதைவிடப் பெரியது. சுவர் எழும்பிக் கூரை மட்டத்துக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. கூரை போடாமல் அடுத்த பகுதிப் பணம் வராது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டாள். பிறகு பூச்சு, நிலம், கதவு, யன்னல் என்று வந்தபோது மேசனார், "அதெல்லாம் நான் பேசின கூலிக்குள்ள இல்லை" என்றார். "முடிச்சுத் தாறன் என்றுதானே சொன்னீங்க" என்றாள் இவள். அவர் மனதில் முடித்தல் என்றால் சுவரும் கூரையும். இவள் மனதில் முடித்தல் என்றால் பூட்டிவிட்டுப் படுக்கக்கூடிய வீடு.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கையாட்களின் கூலி ஏறியதால் அவருக்கும் நட்டம். ஆனால் இரண்டு மாரி காலம் அந்த வாசலில் கதவு இல்லாமல் பழைய சேலைதான் தொங்கியது. ஆண் துணையில்லாத வீட்டில் வயதுக்கு வந்த இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கதவில்லாத வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டு அவள் படுத்தாள். எழுதாத ஒரு தாளின் விலை அதுதான். பெரிய அத்திவாரம் போட்டுக் கடன்பட்ட குடும்பங்கள் வடக்கில் அவளுடையது மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. எங்களுக்கு 'ஒரு பேர்' என்றால் ஒரு நாள் வேலை. நாட்சம்பளம் எவ்வளவு என்பது கூட்டு ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற 'நோம்' தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறியது. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதன் பிறகு பல தோட்டங்களில் நோம் கூட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கூலியை எழுதிவிட்டு வேலையின் அளவை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. விலை பாதி ஒப்பந்தம்தான். அந்த விலைக்கு எவ்வளவு வேலை என்பது மற்றப் பாதி.

தாள் என்றால் நமக்குப் பயம் இருப்பதும் நியாயமே. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் குறித்து, அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. 1921ஆம் ஆண்டுதான் சட்டத்தின் மூலம் அந்த முறை ஒழிந்தது. அதிலே என்ன எழுதியிருந்தது என்று சுமந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. செக்றோலும் கந்தோரில்தான் இருந்தது. வடக்கு கிழக்கில் உள்ள நீங்களும் முகாமிலும் சோதனைச் சாவடியிலும் தெரியாத மொழியில் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அவையெல்லாம் மற்றவர் எழுதி மற்றவர் வைத்துக்கொண்ட காகிதங்கள். நான் சொல்லும் தாள் நாமே நம் மொழியில் எழுதி, ஒரு பிரதியை நம் கையில் வைத்துக்கொள்வது. பெரிய கட்டட வேலைகளில் இது இல்லாமல் ஒரு கல்லும் வைக்க மாட்டார்கள். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை என்ற அரச நிறுவனம் அதற்கென்றே மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களை வெளியிடுகிறது. கோடி ரூபா வேலைக்குத் தேவைப்படும் தாள், ஒரே ஒருமுறை கிடைக்கும் நம்முடைய வீட்டுப் பணத்துக்குத் தேவையில்லையா?

சரி, அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்? கொப்பித் தாள் ஒன்றே போதும். எட்டு விடயங்கள்.

1. யார், யாருக்கு. இருவரின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி. வேலை உங்களுடையது என்றால் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். மைத்துனர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ வேண்டாம்.

2. என்ன வேலை. "வீடு கட்டுதல்" என்று எழுதினால் போதாது. அத்திவாரம் எத்தனை அடி ஆழம், வீட்டின் நீளம் அகலம், கல் நான்கு அங்குலமா ஆறு அங்குலமா, எத்தனை கதவு, எத்தனை யன்னல், பூச்சு உள்ளே மட்டுமா வெளியேயுமா, நிலத்துக்குச் சீமெந்து இழுப்பதா, மலசலகூடமும் குழியும் சேர்த்தா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு எத்தனை பங்கு மணல் என்பதையும் எழுதுங்கள். கட்டிய சுவருக்கும் கொங்கிரீட்டுக்கும் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை ஊற்றுவது யார் என்பதும் தாளில் வரட்டும்.

3. என்ன வேலை இதில் இல்லை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மின்சார வயர், தண்ணீர்க் குழாய், பெயின்ட் ஆகியவை இந்தக் கூலிக்குள் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். எங்கள் மலைப்பக்கத்தில் மண் வெட்டிச் சமப்படுத்துவதும், பின்னால் உள்ள மண் சரியாமல் தாங்கு சுவர் கட்டுவதும் தனிச் செலவு. வீட்டுக்குக் கூலி பேசும்போது பாஸ் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 2003 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட இரத்தினபுரிக்காரர்களுக்கு அந்தச் சுவர் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

4. சாமான் யாருடையது. சீமெந்து, மணல், கல், கம்பி, ஓடு ஆகியவற்றை யார் வாங்குவது, யார் ஏற்றிக் கொண்டுவருவது, மிச்சம் வந்தால் யாருக்கு. மணலைக் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. லொறிப் பெட்டியில் மணல் நிற்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சரியாக ஒரு கியூப். கையில் ஓர் அளவு நாடாவோடு நின்றாலே பாதிக் களவு குறையும்.

5. எவ்வளவு பணம், எப்போது. பணத்தைத் திகதிக்குக் கட்டாமல் வேலைக்குக் கட்டுங்கள். அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, லிந்தல் மட்டத்துக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். வீட்டுத் திட்டத்தில் உங்களுக்குப் பணம் வரும் மட்டங்களும் நீங்கள் மேசனுக்குக் கொடுக்கும் மட்டங்களும் ஒன்றாக இருக்கட்டும். கடைசியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஒரு நல்ல மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று கண்ட பிறகு கொடுப்பதாக எழுதலாம். பெரிய ஒப்பந்தங்களிலும் இப்படி ஒரு பங்கைப் பிடித்து வைப்பது வழக்கமே. ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் அதே தாளின் பின்பக்கத்தில் திகதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. எப்போது தொடங்கி எப்போது முடிப்பது. மழையால் நின்றால் எத்தனை நாள் கூடுதலாகத் தரலாம் என்பதும் சேரட்டும்.

7. மாற்றம் வந்தால். இடையில் யாராவது ஒரு அறை கூட்டுவோம், ஒரு யன்னல் கூட்டுவோம் என்று சொன்னால், அதற்கு எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று முதலில் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகே மண்வெட்டி எடுக்க வேண்டும். என் சின்னம்மா மகளின் வீட்டை விழுங்கியது இந்த ஒரு வரி இல்லாததுதான்.

8. எது முடிந்தால் முடிந்தது. "கதவுகள் பூட்டித் திறக்கும், யன்னல்கள் மூடும், கூரை ஒழுகாது, மலசலகூடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஓடும், மிச்சக் கல்லும் மண்ணும் அகற்றப்பட்டிருக்கும்." இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவையாக எழுதுங்கள். "நல்லபடியாக" என்ற சொல் வேண்டாம். உங்கள் நல்லபடியும் அவர் நல்லபடியும் வேறு வேறு.

இறுதியில் இருவரும் கையெழுத்து வைத்து, இரண்டு சாட்சிகளும் வைத்தால் நல்லது. ஒரே மாதிரி இரண்டு பிரதிகள்.

இனி மறுபக்கம். நாமே வேலை எடுத்துச் செய்பவர்களாக இருக்கும்போதும் இதே தாள் நம்மைக் காக்கும். எங்கள் தையல் குழுவில் ஒரு முறை 40 பாடசாலைக் கவுன் தைக்கும் வேலை வந்தது. அதற்கு முன் வேறொரு இடத்துக்குத் தைத்துக் கொடுத்தபோது, தைத்து முடித்த பின் மடிப்பை மாற்று, கழுத்தை மாற்று என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கூலி ஒரு சதம் கூடவில்லை. ஆகவே இம்முறை முதலிலேயே இப்படி எழுதிக் கொடுத்தோம்:

"40 வெள்ளைக் கவுன்கள். துணி உங்களுடையது, நூல், பொத்தான், சிப் எங்களுடையவை. அளவை நாங்களே பாடசாலைக்கு வந்து எடுப்போம். முதலில் ஒரு கவுன் தைத்துக் காட்டுவோம். அதை நீங்கள் ஏற்றுக் கையெழுத்து வைத்த பிறகே மற்ற 39ஐயும் வெட்டுவோம். அதன் பிறகு மாதிரியை மாற்றினால் ஒரு கவுனுக்கு இவ்வளவு மேலதிகக் கூலி. தையல் பிரிந்தால் 14 நாட்களுக்குள் இலவசமாகத் தைத்துத் தருவோம். முற்பணம் மூன்றில் ஒரு பங்கு. மிகுதி ஒப்படைக்கும் நாளில்."

அவர்கள் கோபிப்பார்கள் என்று குழுவில் சிலர் பயந்தார்கள். கோபிக்கவில்லை. தாளை வாசித்துவிட்டு, சிப் வேண்டாம், பொத்தான் மட்டும் போதும் என்று சொன்னார்கள். அந்த ஒரு திருத்தம் தைக்கும் முன் வந்தது. தைத்த பிறகு வந்திருந்தால் 40 கவுன்களையும் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். தாள் எழுதுவதன் பெரிய பயன் வழக்குக்குப் போவதல்ல. இரு தரப்பும் மனதில் வைத்திருப்பதை வேலைக்கு முன்பே வெளியே கொண்டு வருவதுதான்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காணி விற்பது போன்றவற்றுக்கு நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். கூலி வேலை, தையல் வேலை போன்றவற்றுக்கு அது தேவையில்லை. நாமே எழுதிய தாள் செல்லும். வழக்குகளின் காலவரையறை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி எழுத்திலுள்ள ஒப்பந்தம் பற்றி 6 வருடம் வரை வழக்கு வைக்கலாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம். எழுத்தில்லாமல் செய்த வேலையின் கூலிக்கும் கடனுக்குக் கொடுத்த பொருளுக்கும் 1 வருடம் மட்டுமே. ஒரு தாள் நமக்கு எத்தனை வருடம் வாங்கித் தருகிறது பாருங்கள். கைத்தொலைபேசியில் அனுப்பும் செய்திக்கும் மதிப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதை ஏற்கிறது. ஆகவே மேசனோடு தொலைபேசியில் பேசிய பிறகு, "அண்ணே, இன்று பேசியபடி ஒரு யன்னல் கூட, அதற்கு இவ்வளவு கூலி" என்று ஒரு செய்தி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் அனுப்பினால் அதை அழிக்காமல் வையுங்கள்.

பிணக்கு வந்தால் முதலில் போகக்கூடிய இடம் மத்தியஸ்த சபை. இணக்க சபை என்றும் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சட்டத்தரணி தேவையில்லை. சிறிய தொகைப் பிணக்குகளை நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். வழக்கு வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்டக் கிளையை நாடலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்றுதான்.

மூன்று எச்சரிக்கைகள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ளதை, நீங்கள் நம்பும் ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை தொடாதீர்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால், எந்த வேலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

"எழுதித் தா என்று கேட்டால், நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்களே?" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. சொந்தக்கார மேசன் என்றால் இன்னும் கஷ்டம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, எனக்கு மறதி அதிகம். நீங்க சொன்னதை நான் மாத்திச் சொல்லிடக் கூடாது. எழுதி வச்சுக்குவோம்." எழுத வராதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போதே, "இல்லை, அது அப்படி இல்லை" என்று ஒருவர் சொல்வார். அந்த இடத்தில்தான் பிற்காலத்துச் சண்டை ஒன்று நிற்கிறது.

தோட்டப் பகுதிகளிலும் இப்போது லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் காலம். 2015க்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு வரும் குடும்பங்களும், கிடைத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு குசினி கூட்டிக் கட்டும் குடும்பங்களும் கூலி பேசும் முன் இத்தாளை எழுதுங்கள். வீட்டில் இப்போது ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்தாலும் பிந்திவிடவில்லை. இதுவரை முடிந்தது என்ன, கொடுத்த பணம் எவ்வளவு, மிச்ச வேலை என்ன என்று இன்றிரவே எழுதி, நாளை மேசன் வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொள்பவற்றின் கீழே கையெழுத்து வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாதவற்றை அன்றே பேசுங்கள்.

என் சின்னம்மா மகளின் வீட்டுக்கு இப்போது கதவு இருக்கிறது. இரண்டு வருடம் கோழி வளர்த்துச் சேர்த்த காசில் போட்டாள். கதவு செய்த தச்சரோடு அவள் எழுதிய தாளை எனக்குக் காட்டினாள். பலகை என்ன மரம், எத்தனை அங்குலத் தடிப்பு, பிணைச்சல் எத்தனை, பூட்டு யார் வாங்குவது என்று ஆறு வரிகள். இளைய மகள் எழுதியிருந்தாள்.

அடுத்த இதழில், பணம் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் பற்றுச்சீட்டு எழுதும் முறை பற்றிப் பேசுவோம். அதுவரை வணக்கம்.